விட்டுப்போன பொருள் யாருடையது?

ஒரு வீட்டில் மரணம் நடந்தால் முதல் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊரே சொல்லித் தந்துவிடும். உடலைத் தகனம் செய்யாமல், திருநாமம் இட்டு, வடக்கு நோக்கித் தவக்கோலத்தில் அமரவைத்து அடக்கம் செய்வது அய்யாவழி முறை என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். குழி வெட்ட ஆள் வரும். பந்தல் போட ஆள் வரும். அடுத்த வீட்டுக்காரர் சோறு பொங்கிக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் எல்லாரும் போனபிறகு ஒரு நாள் வருகிறது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, இருந்தவர் விட்டுப்போன சாமான்களுக்கு நடுவே பிள்ளைகள் நிற்கிற நாள். அந்த நாளுக்கு யாரும் முறை சொல்லித் தருவதில்லை. கூடப்பிறந்தவர்கள் பேச்சு விட்டுப்போவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் ஒரு சிற்றூரில் நடந்த காரியம் இது. பேர் சொல்ல வேண்டியதில்லை. 79 வயதில் ஒரு தாயார் வைகுண்டம் சேர்ந்தார். கணவர் போனபிறகு ஒன்பது வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்தவர். சாயங்காலம் ஆனால் நிழல் தாங்கலுக்கு எண்ணெய்க் குப்பியோடு வருவார். பணிவிடைக்குத் தண்ணீர் கோரி வைப்பார். உகப்படிப்பு முடிந்துதான் வீட்டுக்குப் போவார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகனுக்கு நாகர்கோவிலில் வேலை. நடுவில் உள்ள மகளை வள்ளியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. இளைய மகன் மஸ்கட்டில். இளையவனுக்கு மீதி இருந்த லீவு ஆறு நாள். அதற்குள் வீட்டை ஒதுக்கியாக வேண்டும் என்று மூன்று பேரும் சாவியோடு வந்தார்கள்.

வயதானவர் இருந்த வீட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே உள்ளது கொஞ்சம் போலத் தோன்றும். எடுக்க எடுக்கத் தீராது. பத்தாயத்துக்குள் பழைய சாக்கு. அடுக்களையில் உருளி, திருவலை, பிடி உடைந்த சட்டுவம். பரணில் ஓலைப்பெட்டி, கடவம், தகப்பனார் பனையேறிய காலத்துப் பாளை அரிவாள். கட்டில் மெத்தைக்கு அடியில் மடித்து மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர். நூல் சுற்றிய கரம் ரசீதுக் கட்டு. பாதி தின்ற மாத்திரை அட்டை. அலமாரியைத் திறந்தபோது மகள் அழுதுவிட்டாள். ஒவ்வொரு வருடமும் அவள் எடுத்துக் கொடுத்த சேலைகள் கடை மடிப்புக் கலையாமல் பதினான்கு இருந்தன. “ஒண்ணுகூட உடுத்தலியே அண்ணே” என்றாள். உடுத்தியது என்னவோ மூன்று பழைய நூல் சேலைதான்.

இளையவன் கெட்டிக்காரன். முற்றத்தில் மூன்று குவியல் போட்டான். எடுப்பது ஒன்று, விற்பது ஒன்று, எரிப்பது ஒன்று. மத்தியானத்துக்குள் பாதி வீடு முற்றத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பத்தாயத்துக்குப் பின்னால், சாக்கில் பொதிந்து கயிறு கட்டி வைத்த ஒரு செம்புக் குட்டுவம் அகப்பட்டது. பதினொரு கிலோவுக்குக் குறையாது. கழுத்தில் பேர் வெட்டியிருந்தது. அது அந்த வீட்டுப் பேர் இல்லை.

பேர் வெட்டிய பாத்திரம் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணச் சீராகக் கொடுக்கிற செம்பிலும் பித்தளையிலும் உளி வைத்துப் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். அடியந்திர வீடுகளுக்கு இரவல் போனால் மாறாமல் திரும்பி வர அதுதான் வழி. ஆகவே அடுத்த பேர் உள்ள பாத்திரம் ஒரு வீட்டில் இருந்தால், ஒன்று இரவல், அல்லது விலைக்கு வாங்கியது, அல்லது அடகு.

தாயாரின் கணக்கு நோட்டில் விடை இருந்தது. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதிய பழைய நோட்டு. 1986 கார்த்திகை என்று போட்டு, ‘குட்டுவம் 150’ என்று எழுதி, பக்கத்தில் அதே பேர். வட்டி என்று ஒன்றும் எழுதவில்லை. கீழத்தெருவில் உள்ள ஒரு முதிய அம்மாளிடம் மூத்தவன் போய்க் கேட்டான். அவருக்கு ஞாபகம் இருந்தது. பனையிலிருந்து புருசன் விழுந்து இடுப்பு ஒடிந்த சமயம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பெண் தன் சீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துப் பணம் வாங்கிப் போனாளாம். புருசன் பிழைக்கவில்லை. அவளும் போய்ப் பல வருடம் ஆயிற்று. பேத்தி ஒருத்தி இருக்கிறாள், முந்திரி ஆலையில் வேலை.

பிறகு நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இளையவன் சொன்னான்: “38 வருசம் ஆச்சு அண்ணே. மீட்க வரலை. அம்மையும் இல்லை, அவங்களும் இல்லை. இனி இது யாருக்கு?” அவன் பேச்சில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. தாயாரின் கடைசி இரண்டு வருட வைத்தியச் செலவில் பெரும்பங்கு அவன் அனுப்பியதுதான். “நூத்துக்கு ரெண்டு வட்டி போட்டாலே முதலை எத்தனையோ தடவை தின்னிருக்கும்” என்றும் சொன்னான். மூத்தவன் அங்கேயே கணக்குப் போட்டான். 150 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். 38 வருடத்துக்கு 1,368. முதலோடு சேர்த்து 1,518. அந்தச் செம்பை எடைக்குப் போட்டாலே அதுபோல நாலு மடங்குக்குக் குறையாது. வட்டியைக் காட்டி வைத்துக்கொண்டாலும், மிச்சப்பணத்தை அந்தப் பெண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டி வரும். இளையவன் பேசவில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அடகு பிடித்தவர் அந்தப் பொருளுக்கு உடைமைக்காரர் ஆவதில்லை. தவணை தப்பினாலும், அது உண்மையிலே விற்கப்படும் வரை மீட்கிற உரிமை அடகு வைத்தவருக்கு இருக்கிறது. ஆனால் இங்கே பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. குட்டுவத்தை உருக்கிவிட்டால் கேட்க நாதி இல்லை. ஆகவே கேள்வி கோர்ட்டுக்கு உரியது அல்ல; அந்த முற்றத்தில் நின்ற மூன்று பேருக்கு உரியது.

அம்மை இருந்தவரை அந்தச் சாமான்கள் அம்மையுடையவை. பங்கு வைத்தபிறகு பிள்ளைகளுடையவை. இதில் சண்டையில்லை. நடுவில் உள்ள அந்த ஆறு நாள் அவை யாருடையவை? மூச்சு நின்ற நொடியிலே வாரிசுகளுக்கு ஆகிவிட்டது என்று சட்டம் சொல்லும். ஊர்வழக்கமும் அதுதான். ஆனால் நிழல் தாங்கலின் சாவியை வைத்திருப்பவரைப் பாருங்கள். விடியற்காலம் திறக்கிறார், பெருக்குகிறார், விளக்கேற்றுகிறார், பூட்டுகிறார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அதனால் தாங்கல் அவருடையது ஆகிவிடுமா? மறைந்தவர் வீட்டுச் சாவியும் பிள்ளைகள் கையில் முதலில் வருவது அந்த வகையில்தான். போனவர் முடிக்காமல் விட்ட பணிவிடை உள்ளே கிடக்கிறது. அதை முடிக்கத்தான் முதல் நுழைவு. எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகு.

“போனவருக்கு இனி என்ன ஆகப்போகிறது? கடனைத் தீர்த்தால் அவருக்குத் தெரியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. உடல் மண்ணுக்குள் தவத்தில் இருக்கிறது, தர்மயுகம் காணக் காத்திருக்கிறது என்று நம்புகிற மக்களுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு லேசானது அல்ல. ஆனால் அந்த நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் பதில் மாறாது. கடன் என்பது கடன்பட்டவர் பெட்டிக்குள் கிடக்கிற பொருள் அல்ல. அது கொடுத்தவர் வீட்டில் உள்ள குறை. கடன்பட்டவர் கண்ணை மூடியதனால் அந்தக் குறை நிறைந்துவிடுவது இல்லை. பால்காரருக்கு வரவேண்டிய 340 ரூபாய் அன்றைக்கும் வராத பணம்தான்.

அந்த நோட்டில் பால் கணக்கு இருந்தது. கடைக் கணக்கு 85 ரூபாய் இருந்தது. தாங்கலுக்கு எண்ணெய் 2 லிட்டர் என்று ஒரு நேர்ச்சையும் எழுதிவைத்திருந்தார். நோட்டில் இல்லாத ஒன்றும் வெளியே வந்தது. முற்றம் பெருக்க வரும் ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. அவள் தானாகக் கேட்கவில்லை. மகள்தான், “அம்மை உனக்கு ஏதாவது தரணுமாக்கா?” என்று கேட்டாள். சாவு வீட்டில் போய்க் காசு கேட்பது எப்படி என்று அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆகவே கடன்காரர் வந்து கேட்கட்டும் என்று இருப்பது போதாது. ஏழைப்பட்டவர்கள் கேட்க மாட்டார்கள். போய்க் கேட்டுக் கொடுக்க வேண்டியது வீட்டைத் திறந்தவர்களின் வேலை. வாரிசுகள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு என்று சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இரண்டு மாதச் சம்பளத்துக்கு யாரும் அந்த எல்லையைத் தேடிப் போக வேண்டாம்.

பங்கு என்று வரும்போது இரண்டு காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பேர் கொடுத்திருந்தால் பணம் முழுவதும் அவருக்கே என்று பலபேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் நாமினி; உடைமை எல்லா வாரிசுகளுக்கும் பொது. அடுத்தது பெண்பிள்ளைகள். தாய் எழுதிவைக்காமல் விட்டுப்போன சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு என்று 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. கல்யாணத்துக்குச் செய்தது ஒரு கணக்கு, இது வேறு கணக்கு. அழுகை ஓயும் முன்னே தங்கச்சி முன்னால் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிற அண்ணன்மார் பதிகளில் தலைப்பாகை கட்டி முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். அது பார்வைக்கு நன்றாக இல்லை. அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. தாயாரின் பாம்படத்தை மூன்றாகப் பங்கு வைக்க முடியாது என்பதால் மகளுக்குக் கொடுத்து, அதன் விலையை நிலத்தில் ஈடுசெய்துகொண்டார்கள்.

துணிமணி விசயத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. கிழிந்ததையும் நாறுவதையும் மூட்டையாகக் கட்டி, ‘இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம்’ என்கிறார்கள். தனக்கு வேண்டாதது அடுத்தவனுக்குத் தர்மம் ஆகுமா? வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பங்களும் ஏழைகளே. அவர்களுக்கு அய்யா கற்பித்தது உடுத்தும் துணியைத் துவைத்துச் சுத்தமாக உடுத்துவதை. ஏழைக்கு அழுக்கு போதும் என்ற நினைப்பை உடைத்த வழி இது. அந்த வழியில் வந்தவர்கள் அழுக்கு மூட்டையைக் கொடுக்கலாமா? மகள் அந்தப் பழைய நூல் சேலைகளில் நைந்துபோன இரண்டை விளக்குத் துணிக்குக் கிழித்துவைத்தாள். ஒன்றைத் துவைத்துத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். கடை மடிப்புக் கலையாத பதினான்கையும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முற்றம் பெருக்குகிற அக்காள்தான் சொன்னாள். அதில் இரண்டைத் தன் மகள் கல்யாணத்துக்குத் தருவதாக அம்மை சொல்லியிருந்தார்களாம். அப்படியே தெருவில் இன்னும் நாலு பேருக்குச் சொல்லிவைத்திருந்தது தெரியவந்தது. உடுத்தாமல் வைத்தது கருமித்தனம் அல்ல என்று தெரிந்தபிறகுதான் மகளுக்கு மனம் ஆறியது.

இதே போல இன்னொரு வழக்கமும் நிற்க வேண்டும். வீடு ஒதுக்கும்போது கண்ணாடி உடைந்த படங்கள், ஓட்டை விளக்கு, கரிபிடித்த தூபக்கால் எல்லாவற்றையும் கோணியில் கட்டி, இருட்டிய பிறகு தாங்கல் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். குப்பையில் போட மனம் வரவில்லை, தாங்கலில் வைத்தால் பாவம் இல்லை என்று நினைப்பு. விடியற்காலம் திறக்க வருபவர்தான் அதைச் சுமக்கிறார். காணிக்கை கேட்காத வழி இது. காயலான் சாமான் மட்டும் கேட்குமா? எரிகிற விளக்கு என்றால், அதை ஏற்றிவைக்கப்போகிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அகிலத்திரட்டு ஏடு என்றால், வாசிக்கிற ஒருவர் கையில். அந்தத் தாயாரின் ஏட்டை மூத்தவன் எடுத்துக்கொண்டான். ஓரத்தில் எண்ணெய் பட்டு மஞ்சளித்த பக்கங்கள் இருந்தன. எந்த இடத்தை அம்மை திரும்பத் திரும்ப வாசித்தார் என்று அதை வைத்துத் தெரிந்தது.

ஒரு தகரப்பெட்டியில் கடிதங்கள் இருந்தன. தகப்பனார் கொச்சியில் வேலை பார்த்த காலத்தில் எழுதியவை. வாசிக்கலாமா, எரிக்கலாமா? பணம், பத்திரம் சம்பந்தப்பட்ட தாள்களை வாசித்தே ஆகவேண்டும். கடன் யாருக்கு உண்டு என்று வேறு எப்படித் தெரியும்? கடிதம் அப்படி அல்ல. மகள் முதல் வரியைப் பார்த்ததும் மடித்துவிட்டாள். எரித்துவிடு என்று அண்ணன் சொன்னான். எரிப்பதற்குத் தாயாருக்கே ஒன்பது வருடம் இருந்தது, அடுப்பும் பக்கத்திலே இருந்தது; அவர் எரிக்கவில்லை. ஆகவே பெட்டி வாசிக்கப்படாமல் வள்ளியூருக்குப் போனது. இதில் வேறுவிதமாக நினைப்பவர்களும் இருக்கலாம்.

குட்டுவத்துக்கு வருவோம். இளையவனின் மனத்தை மாற்றியது யாருடைய புத்திமதியும் அல்ல. நாலாம் நாள் அதைச் சாக்கிலிருந்து முழுவதும் எடுத்து வெயிலில் வைத்தார்கள். அந்த வீட்டில் உள்ள ஒவ்வொரு பாத்திரமும் கரிபிடித்து, நசுங்கி, அடி தேய்ந்து கிடந்தது. இது மட்டும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை இல்லாமல் இருந்தது. 38 வருடத்தில் எத்தனை கோடை. தண்ணீர் பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லாமல் அந்தத் தாயார் அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய நாட்கள் பிள்ளைகளுக்கே ஞாபகம் உண்டு. இதை எடுத்துப் புழங்கவில்லை. “இத வச்சுக்கிட்டா பக்கத்து வீட்ல குட்டுவம் கேக்கப் போனாங்க?” என்று இளையவன் கேட்டான். கொஞ்சநேரம் கழித்து அவனே ஆட்டோவுக்குப் போன் பண்ணினான்.

முந்திரி ஆலையில் வேலை விட்டு அந்தப் பெண் வருவதற்கு ஆறு மணி ஆயிற்று. விசயத்தைச் சொன்னதும் கழுத்தில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பாட்டியின் கல்யாணச் சீர் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறாளாம், பார்த்ததில்லை.

“எவ்வளவு தரணும் பெரியப்பா?”

“ஒண்ணும் தரண்டாம் மக்ளே. உங்களுக்குள்ளது உங்ககிட்ட வந்தாச்சு” என்றான் இளையவன்.

“அப்படின்னா வேண்டாம். ஆச்சி அடகுதான் வச்சாங்க. இனாமா வாங்குனா அவங்க அன்னைக்கே கை நீட்டுனது போல ஆயிடும்.”

இளையவனுக்கு முகம் சுண்டிவிட்டது. பெரிய மனத்தோடு கொடுக்க வந்த இடத்தில் வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவள் சொன்னது சரி. உரியதைத் திருப்பிக் கொடுப்பதும் தானம் கொடுப்பதும் ஒன்று அல்ல. தானம் என்றால் ஒருவர் கை மேலே இருக்கும், ஒருவர் கை கீழே இருக்கும். கடன் தீர்ப்பதில் இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒடுங்கி நின்ற சனங்களைத் தலைப்பாகையைக் கிரீடம் போலக் கட்டி நிமிர்ந்து நின்று கும்பிடச் சொன்ன அய்யாவின் மக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகக்கூடாது. அவள் தரும் பணத்தை வாங்க மறுத்தால், அவளுடைய பாத்திரத்தையே அவளுக்குப் பிச்சையாகக் கொடுத்தது போல ஆகிவிடும்.

மூத்தவன் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். “அம்மை வட்டி எழுதல மக்ளே. எழுதுனது 150. அதைத் தா.”

அவள் உள்ளே போய் ஒரு நூறும் ஒரு ஐம்பதும் கொண்டுவந்தாள். மூத்தவன் வாங்கிக்கொண்டு, 1986 கார்த்திகைக்கு நேரே வரவு 150 என்று எழுதித் தேதி போட்டான். அந்தப் பணத்தோடு மூன்று பேரும் கொஞ்சம் சேர்த்து, போகிற வழியில் இரண்டு லிட்டர் எண்ணெய் வாங்கினார்கள்.

அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது அந்தப் பெண் குட்டுவத்தைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அடியில் லேசாகக் கசிந்தது. பற்றவைத்தால் சரியாகிவிடும் என்றாள்.